கைக்கு வேலையா, முகத்துக்கு வேலையா?

ரேஷன் கடையில் மூட்டையைப் பிரித்து, அரிசியை எடை போட்டு, பையில் கொட்டிக் கொடுப்பதற்குக் "கட்டுநர்" என்று ஓர் உத்தியோகம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். தமிழ்நாட்டு ஜில்லாக்களில் 2022ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் இந்த வேலைக்கும் விற்பனையாளர் வேலைக்கும் ஆள் எடுத்தார்கள். எழுத்துப் பரீட்சை கிடையாது. பள்ளிக்கூட மார்க்கு ஒரு பங்கு. நேர்முகத் தேர்வு ஒரு பங்கு.

நாம் கேட்கிறோம்: அரிசி நிறுப்பதற்கு முகலட்சணம் எதற்கு?

தராசில் எண் சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கண் வேண்டும். மூட்டை தூக்கத் தோள் வேண்டும். கார்டுக்கு உரிய அளவு கூடாமல் குறையாமல் போட நேர்மை வேண்டும். இந்த மூன்றில் எதை, மேஜைக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, சில நிமிஷங்களில் ஒருவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்?

இது எல்லோருக்குமான கேள்விதான். ஆனால் ஒரு கூட்டத்தாருக்கு இது வயிற்றுக் கேள்வி. அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

கம்பத்தில் ஒரு வாலிபன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்பன் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவன். தாய் திராட்சைத் தோட்டத்தில் கொத்துக் கழிக்கிறவள். பையன் பத்தாவது தேறியவன். குமுளியிலிருந்து திண்டுக்கல் வரை எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் ஒப்பிப்பான். கடையில் சில்லறை ஒரு ரூபாய் கூடுதலாகத் தந்தால் அரை மைல் நடந்து போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவான். பொய் சொல்லத் தெரியாது. சொல்லிக் கொடுத்தாலும் வராது. அவனை அதிகாரிகள் மூவர் முன்னால் உட்கார வைக்கிறார்கள்.

"உன்னைப் பத்திச் சொல்லுப்பா."

பையன் விழிக்கிறான். எதைச் சொல்வது? பிறந்த தேதியையா, உயரத்தையா, நேற்றுச் சாப்பிட்டதையா?

"இந்த வேலைக்கு எப்படி வந்தே?"

"பஸ்ஸிலே வந்தேன்."

மூன்று பேரும் சிரிக்கிறார்கள். மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது. அவர்கள் காதில் அது விழவே இல்லை. அவன் காதில் அது ஒன்றுதான் விழுகிறது. அவன் கண் தரையை விட்டு எழவில்லை. "நிமிர்ந்து பார்த்துப் பேசுப்பா" என்கிறார் ஒருவர். நிமிர்ந்து பார்த்தால் பேச்சு நின்றுபோகிறது; பேசப் போனால் பார்வை இறங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய அவனால் ஆகாது. முடிந்தது கதை!

அந்த அறையில் அரிசி இல்லை. தராசு இல்லை. வேலை செய்யத் தெரியுமா என்று அவனை யாரும் கேட்கவும் இல்லை.

இது என்ன நிலை?

ஆட்டிசம் என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சர்க்கார் காகிதங்களில் "புற உலகச் சிந்தனையற்ற, மதி இறுக்கமுடையோர்" என்று எழுதுகிறார்கள். என்ன அழகான தமிழ்! விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே "இவன் சிந்தனையற்றவன்" என்று முத்திரை குத்திவிட்டு, அப்புறம் வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம். நாம் ஆட்டிசம் என்றே எழுதுகிறோம்.

இது வியாதி அல்ல, தொற்றாது. பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைந்து வளர்வது. எதிராளியின் முகக்குறிப்பை, பேச்சின் உட்குறிப்பைச் சட்டென்று பிடிக்க வராது. சொன்ன சொல்லுக்குச் சொன்ன பொருளே. சத்தம், வெளிச்சம், வாசனை இவை மற்றவர்களைவிடப் பல மடங்கு உறைக்கும். சிலருக்கு உறைக்காமலே போகும். நாள் தவறாத ஒழுங்கு வேண்டும். அது குலைந்தால் கலக்கம். சிலருக்குப் பேச்சே வராது. ஆயுள் முழுவதும் ஒருவர் துணை வேண்டும். சிலர் பட்டம் பெறுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான்.

1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பார்த்து இதைத் தனி நிலை என்று எழுதினார். அதன் பிறகு மேதைகள் சிலர் கிளம்பினார்கள். தாயின் பாசக்குறைவால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று பழியைப் பெற்றவள் தலையில் போட்டார்கள். புரூனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் 1967இல் இதையே ஒரு தடித்த புத்தகமாக எழுதிப் புகழும் பெற்றார். எத்தனை தாய்மார்கள் அழுதிருப்பார்கள்! பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அந்தக் கதையைத் தகர்த்தன. பரம்பரைக் கூறுகளுக்கே பெரும் பங்கு. தாயின் வளர்ப்புக்கும் தடுப்பூசிக்கும் இதில் சம்பந்தமே இல்லை. ஆனால் நம் ஊர்களில் அந்தப் பழி இன்னும் பெண்கள் தலையில்தான் கிடக்கிறது. பேய் விரட்டுகிறவனுக்கும் மந்திரிக்கிறவனுக்கும் கூலிப் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

உலகில் 2021இல் 127 பேருக்கு ஒருவர் இப்படி என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் தேனி ஜில்லாவில் 12 லட்சத்து 45 ஆயிரம் பேர். உலகக் கணக்கை அப்படியே நம் ஜில்லாவுக்குப் போட்டுப் பார்த்தால் 9,800 பேருக்குக் குறையாது. எங்கே அவர்கள்? ஆண்டிபட்டிப் பக்கம் ஆடு மேய்க்கிறார்கள். சின்னமனூரில் வாழைத்தார் சுமக்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "ஒரு மாதிரியான ஆள்" என்று ஊரார் சொல்லிவிட்டார்கள், டாக்டர் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கங்காணியின் கண்

முகத்தைப் பார்த்து ஆள் எடுக்கும் வித்தை நமக்குப் புதிதா? தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி எப்படிப் பிடித்தான்? ஆளை ஏற இறங்கப் பார்ப்பான். குனிந்து நிற்கிறானா, கூழைக்கும்பிடு போடுகிறானா, எதிர்த்துப் பேசுவானா என்று பார்ப்பான். பஞ்சாலையில் மேஸ்திரி பார்த்ததும் அதே பார்வைதான். வேலை தெரிந்த கையைவிட, மாமூல் நீட்டும் கை அவனுக்குப் பிடித்தது. 1931இல் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷன், வெள்ளைக்கார சர்க்கார் போட்ட கமிஷன்தான், அதுவே இந்த மேஸ்திரியிடம் ஆள் எடுக்கும் அதிகாரம் இருக்கக்கூடாது என்று சொல்லும்படி ஆயிற்று.

மேஸ்திரி போனான்; அவன் பார்வை போகவில்லை. இப்போது அது சட்டை போட்டு, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "ஆளுமை" என்கிறார்கள். "பழகும் தன்மை" என்கிறார்கள். "நம்ம டீமுக்குப் பொருந்துவானா?" என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான்: எங்களுக்குப் பிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறாயா?

இந்தச் சோதனையில் கெட்டிக்காரப் பொய்யன் தேறிவிடுவான். "உன்னிடம் உள்ள குறை என்ன?" என்று கேட்டால், "நான் ரொம்ப அதிகமாக உழைத்துவிடுவேன் சார், அதுதான் குறை" என்று பல்லிளிப்பான். ஆட்டிசம் உள்ளவனோ, கேள்வியை நம்பி, உள்ள குறை பத்தையும் வரிசையாகச் சொல்லிவிடுவான். உண்மை சொன்னவன் வீட்டுக்கு, நடித்தவன் வேலைக்கு! இதற்குப் பெயர் தகுதித் தேர்வாம்!

கோர்ட்டே சொன்னது

இது நம் அபிப்பிராயம் மட்டுமா? இல்லை. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கு ஒன்று, பெரியகருப்பன் வழக்கு, 1970இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. மொத்தம் 275 மார்க்கில் 75 மார்க்கு நேர்முகத் தேர்வுக்கு. இது மேலோட்டமாகப் பார்த்தாலே அதிகம் என்றும், அப்படி நடத்தும் பேட்டியில் விருப்பு வெறுப்பு நுழைந்துவிடும் என்றும் கோர்ட்டு சொன்னது. அடுத்தது ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கு, அஜய் ஹாசியா வழக்கு என்பார்கள், 1980இல் தீர்ப்பு. எழுத்துக்கு 100, பேட்டிக்கு 50. ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம். அதிலும் அப்பன் யார், ஊர் எது என்ற கேள்விகள். பேட்டிக்கு 15 சதத்துக்கு மேல் மார்க்கு வைப்பது தான்தோன்றித்தனம் என்று அதே கோர்ட்டு அடித்துச் சொன்னது.

அதற்குப் பிறகு மத்திய சர்க்காரே 2016 ஜனவரி 1 முதல் தன் கீழ்நிலை உத்தியோகங்களுக்கு, அதாவது "சி" பிரிவுக்கும் கெஜட்டில் சேராத "பி" பிரிவுக்கும், நேர்முகத் தேர்வை ஒழித்தது. சிபார்சும் லஞ்சமும் அதில்தான் நுழைகின்றன என்று காரணமும் சொன்னது. தேவையான இடத்தில் வேலைத்திறன் சோதனை மட்டும் இருக்கும். நம் மாநிலத்தில் தேர்வாணையத்தின் "குரூப் 4" பரீட்சைக்கும் பேட்டி கிடையாது. கிராம நிர்வாக அதிகாரியும், இளநிலை உதவியாளரும், தட்டச்சரும் முகப் பரீட்சை இல்லாமலேதான் நாற்காலியில் உட்காருகிறார்கள். ஆபீஸ் ஒன்றும் இடிந்து விழவில்லையே! கிராமக் கணக்கு எழுதுகிறவருக்கு வேண்டாத பேட்டி, அரிசி மூட்டை பிரிக்கிறவனுக்கு மட்டும் எதற்கு?

பேச்சை மட்டும் படித்தால்?

2017இல் அமெரிக்காவில் டெக்ஸாஸைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் தங்களைப் பற்றிச் சிறிது நேரம் பேசினார்கள். அதைப் படமாகவும் குரலாகவும் ஒரு பகுதியினருக்குக் காட்டினார்கள். பார்த்தவர்கள் சில விநாடிகளிலேயே ஆட்டிசம் உள்ளவர்களை "பிடிக்கவில்லை, பழக விருப்பமில்லை" என்று ஒதுக்கிவிட்டார்கள். அதே பேச்சை முகமும் குரலும் இல்லாமல், வெறும் எழுத்தாக மட்டும் வேறு சிலருக்குக் கொடுத்தார்கள். வித்தியாசம் மறைந்துபோயிற்று!

இதை நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்ன விஷயத்தில் குறையில்லை. பார்த்தவனுடைய கண்ணில்தான் கோளாறு. ஆனால் பயிற்சி கொடுக்கக் கிளம்புகிறவர்கள் எல்லாம் யாருக்குக் கொடுக்கிறார்கள்? பார்க்கப்பட்டவனுக்கு! "கண்ணைப் பார், சிரி, கைகுலுக்கு" என்று அவனைத்தான் ஆட்டி வைக்கிறார்கள்.

இன்னொன்று. இங்கிலாந்தில் பாத் சர்வகலாசாலையார் 2021இல் வெளியிட்டது. வேலைப் பேட்டிக் கேள்விகளைத் தெளிவாக மாற்றிப் பார்த்தார்கள். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் கேட்காமல், எந்த வேலை, எப்போது, என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று என்று துண்டு துண்டாகக் கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் பதில் மேம்பட்டது. இல்லாதவர்களின் பதிலும் மேம்பட்டது. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்தளத்தில் பிள்ளைத்தாய்ச்சியும் கிழவனும் ஏறிப் போகிறார்கள் அல்லவா, அந்த மாதிரிதான் இதுவும். நம் மில் கேட்டில் வந்து நிற்கும் கிராமத்துப் பெண்ணுக்கும் இதே தெளிவான கேள்விதான் வேண்டும்.

அந்த நாட்டில்கூட நிலைமை தேறிவிடவில்லை. 2024 பிப்ரவரியில் அங்கே வெளிவந்த பக்லண்ட் அறிக்கை, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பத்துப் பேரில் மூவரே வேலையில் இருக்கிறார்கள் என்கிறது. உடல் ஊனம் முதலிய எல்லாக் குறைபாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் பத்துக்கு ஐந்து. குறைபாடு இல்லாதவர்களில் பத்துக்கு எட்டு.

சட்டமும் சந்தும்

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 சத ஒதுக்கீடு இருந்தது: பார்வை, செவி, கை கால் ஊனம். ஆட்டிசம் என்ற பெயரே அதில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் போராடினார்கள், 2016இல் புதிய சட்டம் வந்தது, 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகள். சர்க்கார் வேலையில் 4 சதம். நல்லது. ஆனால் அந்த நாலில் ஆட்டிசத்துக்கு எவ்வளவு? ஒரு சதம். அதுவும் தனியாக அல்ல. அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல குறைபாடுகள் சேர்ந்தவர்கள் என எல்லோரையும் அந்த ஒரு சதத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். ஒரு கட்டிலில் ஐந்து நோயாளிகளைப் படுக்க வைக்கும் நம் ஆஸ்பத்திரிகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆள் கிடைக்கவில்லை என்றால் இடத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். அப்போதும் கிடைக்காவிட்டால் வேறு வகைக் குறைபாட்டினருக்கு மாற்றலாம். கடைசியில் குறைபாடே இல்லாதவருக்கும் கொடுத்துவிடலாம். பேட்டியில் ஆளைத் தள்ளிவிட்டு "ஆள் கிடைக்கவில்லை" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

தனியார் முதலாளிகளுக்கு? தொழிலாளரில் 5 சதம் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி "ஊக்கம்" தர வேண்டுமாம். அதுவும் சர்க்காரின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு! கட்டாயம் இல்லை. பாரபட்சம் கூடாது என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது. ஆனால் "நியாயமான நோக்கத்துக்கு ஏற்ற அளவான வழி" என்று காட்டிவிட்டால் பாரபட்சமும் செல்லும். சந்து விட்டுத்தான் சுவர் கட்டியிருக்கிறார்கள். சட்டத்தை மீறினால் முதல் தடவை அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரைதான். மில் முதலாளிக்கு இது எந்த மூலைக்கு?

ஆனாலும் சட்டத்தில் நம் கைக்குக் கிடைக்கும் ஆயுதம் இரண்டு உண்டு.

ஒன்று, "நியாயமான வசதி ஏற்பாடு". அவரவர் நிலைக்கு ஏற்றபடி தேவையான மாறுதலைச் செய்து தருவது. அதை மறுப்பதே பாரபட்சம் என்று சட்டத்தின் இரண்டாம் பிரிவு விளக்கம் சொல்கிறது. இது 40 சதக் குறைபாடு என்று சர்டிபிகேட் வாங்கியவனுக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் கவனியுங்கள். 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அப்படித்தான் தீர்த்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் அவருக்கு, 40 சதம் இல்லை என்ற காரணத்தால், எழுதித் தரும் ஆளை மறுத்திருந்தார்கள். மறுத்தது தவறு என்றது கோர்ட்டு.

மற்றொன்று, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த ஸ்தாபனமும், தனியார் மில்லும்கூட, "சம வாய்ப்புக் கொள்கை" ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளை எந்த முறையில் தேர்ந்தெடுப்பார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதி சொல்கிறது. இணையதளம் இல்லையென்றால் மில்லுக்குள் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். தேனி, ஆண்டிபட்டி வட்டார நூற்பாலைத் தொழிலாளர்களைக் கேட்கிறோம்: உங்கள் மில் சுவரில் சாமி படம் இருக்கிறது, சுத்தம் சோறு போடும் இருக்கிறது. இந்தக் காகிதம் இருக்கிறதா?

திடீர்க் காதல்

முதலாளிகளுக்கு ஆட்டிசத்தின் மீது திடீரென்று காதல் பிறந்த கதையும் உண்டு. டென்மார்க்கில் ஆட்டிசம் உள்ள பையனின் தகப்பன் ஒருவர் 2004இல் ஒரு கம்பெனி தொடங்கினார். பேட்டி வைக்கவில்லை. பொம்மைக் கட்டைகளால் ஆன யந்திரத்தைக் கையில் கொடுத்து, இதைச் செய்து காட்டு என்றார். வேலையைப் பார்த்து வேலை கொடுத்தார். இதை நாம் பாராட்டுகிறோம். பிறகு ஜெர்மன் கணினிக் கம்பெனியான எஸ்.ஏ.பி., பெங்களூரில் சிலரை எடுத்துப் பார்த்து, தவறு கண்டுபிடிக்கும் வேலையில் இவர்கள் கெட்டி என்று கண்டுகொண்டது. 2020க்குள் தன் ஊழியரில் ஒரு சதம் ஆட்டிசம் உள்ளவர்களாக இருப்பார்கள் என்று 2013இல் உலகம் எங்கும் தம்பட்டம் அடித்தது. 2020 வந்தது, அந்த ஒரு சதம் வரவில்லை.

இதில் தர்மம் எங்கே இருக்கிறது? சலிக்காமல், பிசகாமல், வம்பளக்காமல் வேலை செய்யும் கை கிடைத்தால் எந்த முதலாளிதான் விடுவான்? "இவர்கள் மேதைகள்" என்ற புகழ்ச்சியில் இன்னொரு விஷமும் இருக்கிறது. மேதையாக இல்லாதவன் என்ன செய்வான்? ஆட்டிசம் உள்ளவரில் பெரும்பாலோர் நம்மைப்போல் சாதாரண ஜனங்கள். அவர்களுக்கு வேண்டியது போடி ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலை. நூற்பாலையில், காதடைப்பான் கொடுத்து, இழை முடிக்கும் வேலை. ரேஷன் கடையில் எடை போடும் வேலை. சாதாரண வேலை, சரியான கூலி, பி.எப்., விடுமுறை. மேதை என்று நிரூபித்தால்தான் சோறு என்றால், மற்ற தொழிலாளியிடம் ஏன் அதைக் கேட்பதில்லை?

மேஜைக்கு முன்னால் உட்காரும் வாலிபனுக்கு

பேட்டி ஒழியும் நாள் வரும்வரை பேட்டிக்குப் போயாக வேண்டும். ஆகவே தம்பிக்கும் தங்கைக்கும் சில வார்த்தை. வீட்டார் படித்துச் சொல்லலாம்.

அழைப்புக் கடிதம் வந்ததும் பதில் எழுதுங்கள். அடையாள அட்டை இருந்தால் நகல் வையுங்கள். என்ன வேண்டுமோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கேள்விகளை முன்கூட்டி எழுத்தில் தரவும், அல்லது பேட்டியின்போது எழுதிக் காட்டவும், எத்தனை பேர் இருப்பார்கள், எவ்வளவு நேரம் என்று தெரிவிக்கவும், சத்தமில்லாத அறை வேண்டும், துணைக்கு ஒருவர் வர அனுமதி வேண்டும், வேலையைச் செய்து காட்ட வாய்ப்புத் தரவும். கேட்டால் தராமல் போகலாம். கேட்காவிட்டால் நிச்சயம் தரமாட்டார்கள். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் மறுத்தால் அதுவே பின்னால் சாட்சி.

முதல் நாளே பஸ் ஏறிப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். புது இடத்தின் மிரட்சியில் பாதி அன்றே தீர்ந்துவிடும்.

"உன்னைப் பற்றிச் சொல்" என்றால் ஜாதகம் கேட்கவில்லை. மூன்று வாக்கியம் போதும்: என்ன படித்தேன், என்ன வேலை செய்திருக்கிறேன், இந்த வேலையில் எது எனக்கு நன்றாக வரும். காகிதத்தில் எழுதிப் பழகுங்கள். காகிதத்தைக் கையில் எடுத்தும் போகலாம். "எப்படி வந்தாய்?" என்றால் பஸ்ஸைக் கேட்கவில்லை, ஏன் விண்ணப்பித்தாய் என்று கேட்கிறார்கள். இந்த மாதிரி இரட்டை அர்த்தக் கேள்விகள் ஏழெட்டுத்தான் உண்டு. எல்லாப் பேட்டியிலும் அவையே சுற்றிச் சுற்றி வரும். பேட்டிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் மந்திரம் கலைந்துவிடும். புரியாவிட்டால், "இதைத்தான் கேட்கிறீர்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். நேரம் வேண்டுமானால், "யோசித்துச் சொல்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு யோசியுங்கள். சும்மா இருந்தால் பதில் தெரியவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

குறை என்ன என்று கேட்டால் பத்தையும் சொல்லாதீர்கள், பொய்யும் வேண்டாம். ஒன்றைச் சொல்லி, அதற்கு மாற்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: "சத்தத்தில் வாயால் சொல்லும் உத்தரவு விளங்காது. எழுதிக் கொடுத்தால் பிசகாமல் செய்வேன்." கண்ணைப் பார்க்க முடியவில்லையா? நெற்றியைப் பாருங்கள், அதுவும் முடியாவிட்டால், "கீழே பார்த்துக் கேட்டால்தான் எனக்குப் புரியும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாள் முழுவதும் பிறர் மாதிரி நடித்துக்கொண்டே இருப்பது உடம்பையும் மனசையும் உருக்கிவிடும். பேட்டி முடிந்த அன்று வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆட்டிசம் என்று வெளியே சொல்வதா, மறைப்பதா? சர்க்கார் வேலையில் ஒதுக்கீடு வேண்டுமென்றால் சர்டிபிகேட்டோடு சொல்லித்தான் ஆக வேண்டும். தனியாரிடம் சொன்னால் சில இடத்தில் வசதி கிடைக்கும், சில இடத்தில் கதவு சாத்தப்படும். எதைச் செய் என்று நாம் உத்தரவு போட மாட்டோம். சோறு அவனுடையது, முடிவும் அவனுடையது.

சர்டிபிகேட் வாங்குவதே ஒரு யாகம். 40 அம்சங்கள் கொண்ட அளவுகோலை வைத்து மதிப்பிடுகிறார்கள். 40 சதம் வந்தால்தான் ஒதுக்கீடு. க.விலக்கில் இருக்கிறது தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கூடலூரிலிருந்தோ போடிமெட்டு அடிவாரத்திலிருந்தோ கூலிக்காரத் தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே போனால் அன்றைய கூலி போச்சு. "அடுத்த வாரம் வா" என்றால் இன்னொரு நாள் கூலியும் போச்சு. தாலுகா தோறும் முகாம் போட்டு, டாக்டர் ஜனங்களிடம் வரட்டும்.

நம் வரிசையிலும்

மில்லுக்குள் நம்மோடு வேலை செய்யும் ஒருவன் தனியாகச் சாப்பிட்டால், கேலிக்குச் சிரிக்காவிட்டால், "கிறுக்கு", "லூசு" என்று பட்டப்பெயர் வைக்கிறவர்கள் யார்? முதலாளியா வைக்கிறான்? பக்கத்து மிஷின்காரன் வைக்கிறான். அந்தப் பட்டப்பெயர் மேஸ்திரி காதுக்குப் போகிறது. ஆள் குறைப்பு வரும்போது முதல் பெயர் அதுவாகத்தான் இருக்கிறது. ஜாதி சொல்லிப் பேசினால் சண்டைக்கு வருகிற யூனியன்காரர்கள் சிலர் இதற்கு மட்டும் சேர்ந்து சிரிக்கிறார்கள். இது நிற்க வேண்டும். ஷிப்டு மாற்றுவதை முதல் நாளே அவனுக்குச் சொல்லுங்கள், முடிந்தால் எழுதிக் கொடுங்கள். காசு செலவில்லாத வசதி ஏற்பாடு இது. மானேஜர் அனுமதியும் தேவையில்லை.

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். இரண்டு காகிதம் கொண்டுபோக வேண்டும். ஒன்று மகஜர்: கட்டுநர் முதலான கையால் செய்யும் வேலைகளுக்குப் பேட்டிக்குப் பதில் வேலைத்திறன் சோதனை வை, பேட்டி உள்ள இடத்தில் கேள்வியை எழுத்தில் கொடு, சர்டிபிகேட் முகாமைத் தாலுகாவுக்குக் கொண்டு வா. இதைக் கொடுத்ததும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் வில்லை ஒட்டிய மனு: இந்த ஜில்லாவில் 2017 ஏப்ரலுக்குப் பிறகு நிரப்பிய இடங்கள் துறைவாரியாக எத்தனை, அவற்றில் அந்த ஒரு சதத்துக்குரிய இடம் எத்தனை, ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் போனது எத்தனை, "ஆள் கிடைக்கவில்லை" என்று மாற்றியது எத்தனை? அந்தந்த ஆபீசின் பொதுத் தகவல் அதிகாரி பெயருக்கு எழுத வேண்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை நமக்கு அனுப்பி வையுங்கள். எண்ணிக்கையை இதே பக்கத்தில் போடுகிறோம்.